முலாஞ்சே மலையடிவாரத்தில் அன்றாட வாழ்க்கை

மலாவி நாட்டின் தென்பகுதியில், முலாஞ்சே மலையடிவாரத்திலுள்ள ஒரு மிஷன் மருத்துவமனைக்குச் செவிலியராகப் போக எங்கள் சபையார் என்னை ஜெபித்து அனுப்பினார்கள். புறப்படுவதற்கு முன் வேலை அனுமதி, அந்நாட்டுச் செவிலியர் கவுன்சிலில் பதிவு, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, மலேரியா மாத்திரை என்று அலைய வேண்டியிருந்தது. பொறுமையாக அலைந்தால் இவையெல்லாம் முடிந்துவிடும். போய் இறங்கிய பிறகு அந்த ஊர்க்காரர்களோடு ஒருத்தியாக வாழப் பழகுவதற்குத்தான் அதிக காலம் பிடித்தது என்பதால், அதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

ஆப்பிரிக்கா என்றதும் வெயிலை மட்டும் நினைத்துத் துணிமணி எடுத்து வைக்கக் கூடாது. 3,002 மீட்டர் உயரமுள்ள சபீத்வா சிகரத்தின் கீழே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் அந்த ஊரில், ஜூன், ஜூலை மாதங்களில் 'சிப்பெரோனி' என்னும் குளிர்ந்த தூறல் நாள் கணக்கில் விடாது. கம்பளிச் சட்டை கட்டாயம் தேவை. மின்சாரத்தில் பெரும்பகுதி ஷிரே ஆற்றிலிருந்து வருகிறது. 2022 ஜனவரியில் வீசிய 'அனா' புயல் கபிச்சிரா நீர்மின் நிலையத்தைச் சேதப்படுத்திய பின் மின்வெட்டு மிகவும் நீண்டது. ஆகவே 'ம்பாவுலா' என்ற கரியடுப்பில் சமைக்கப் பழகிக்கொள்வது நல்லது.

அடுப்பு மூட்டவும் சமைக்கவும் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு மூதாட்டி. எல்லாரும் அவரை 'அகோகோ', அதாவது பாட்டி, என்று அழைத்ததால் நானும் அப்படியே அழைத்தேன். அங்கே தினமும் உண்ணும் நிசிமாவை வெள்ளை மக்காச்சோள மாவில் நம் ஊர்க் களியைப் போலக் கிண்டுகிறார்கள்: முதலில் கஞ்சியாகக் காய்ச்சி, அது கொதித்து வெடிக்கும்போது மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, மரத் துடுப்பால் கை வலிக்க அடித்துக் கிண்ட வேண்டும். தொட்டுக்கொள்ள நிலக்கடலைப் பொடி சேர்த்த பூசணி இலைக் கீரையும், நெத்திலிக் கருவாட்டை நினைவூட்டும் 'உசிப்பா' மீனும் இருக்கும். சாப்பிடும் முன் வீட்டாரில் ஒருவர் கிண்ணத்தைக் கீழே பிடித்துக்கொண்டு விருந்தினரின் கைகளில் நீர் ஊற்றுவார். தன்னைவிட மிகவும் இளையவளான எனக்கு அகோகோ முழங்காலிட்டு நீர் ஊற்றிய அன்று என் கண்கள் நிறைந்துவிட்டன. சேவை செய்ய வந்தவள் முதலில் சேவையைப் பெற்றுக்கொள்ளப் பழக வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் ஒவ்வொரு நோயாளியோடும் ஓர் உறவினர் தங்கியிருந்து வெளியே விறகடுப்பில் சமைத்துக் கொடுப்பார். நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்கு முன், 'முலி ப்வாஞ்சி' என்று நலம் விசாரித்து, அந்த உறவினரின் நலத்தையும் கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். வார்டில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் மூத்த செவிலியர்கள் இதை விட்டதில்லை. அப்படித் தொடங்கினால் நோயாளி உள்ளதை உள்ளபடி சொல்லுகிறார் என்பதை நானே கண்டேன். லிம்பே, பிளாண்டயர் நகரங்களில் இந்திய வம்சாவளியினர் பல தலைமுறைகளாகக் கடை நடத்துவதால், என்னைப் பார்த்தவர்கள் எந்தக் கடை என்றே முதலில் கேட்டார்கள். திருநெல்வேலியில் எங்கள் முன்னோர் சுவிசேஷத்தைக் கேட்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது என்று நான் சொன்னபோது, 1876-இல் ஸ்காட்லாந்து மிஷனரிகள் பிளாண்டயருக்கு வந்த கதையை அவர்கள் எனக்குச் சொன்னார்கள்.

அந்த ஊரோடு என்னை உண்மையில் இணைத்தவை துக்க வீடுகள். ஒருவர் இறந்தால் அறிந்தவர், அறியாதவர் எல்லாரும் போகிறார்கள். போகாதவரை ஊர் மறப்பதில்லை. பெண்கள் இடுப்பில் 'சித்தென்ஜே' துணியைச் சுற்றிக்கொண்டு, மாவும் விறகும் சுமந்துபோய், உள்ளே சடலத்தைச் சுற்றித் தரையில் உட்காருவார்கள். ஆண்கள் வெளியே இருப்பார்கள். வாத்தியம் எதுவும் இல்லாமல், ஒருத்தி ஒரு வரியை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் பல குரல்களில் சேர்ந்துகொள்ள, விடியும்வரை ஞானப்பாட்டு தொடரும். பாட்டின் பொருள் புரியாத நாளிலும் நான் அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான் சந்தையில் பெண்கள் என்னை நிறுத்திப் பேசத் தொடங்கினார்கள். மருத்துவமனை வேலை நேரத்தை முன்னிட்டு இதைத் தவிர்க்கும்படி ஆலோசனை சொல்லுகிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. விடுப்பு கேட்டாவது போக வேண்டும்.

மருத்துவமனை அலுவலகத்தில் ஆங்கிலமே போதும். வார்டிலும் ஆலயத்திலும் சிச்சேவா மொழி இல்லாமல் ஆகாது. 1922-இல் வெளிவந்த 'புக்கு லோபாத்துலிக்கா' என்ற சிச்சேவா வேதாகமத்தையும் நம் தமிழ் வேதாகமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, மாற்கு சுவிசேஷத்தை நாளுக்குச் சில வசனங்களாக உரக்க வாசித்தேன். மாலையில் அதே பகுதியை அகோகோ வாசிக்கக் கேட்டு உச்சரிப்பைத் திருத்திக்கொண்டேன். அடுத்து வருகிறவர்கள் ஊரிலிருக்கும்போதே மாற்குவின் முதல் அதிகாரங்களை இப்படி வாசிக்கத் தொடங்கிவிட்டால், வார்டில் முதல் வாரமே நோயாளியின் தாயிடம் இரண்டு வார்த்தை பேச முடியும்.