அத்தை சொல்லும் பினாங்கு

லீவுக்கு அம்பாசமுத்திரம் வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்டுவிடுவார்கள்: “பினாங்குல பாக்கதுக்கு என்ன இருக்கு?” இந்தத் தடவை கேட்டது எதிர்வீட்டு டீச்சரும் சாரும். ரிட்டயர் ஆன கையோடு தை மாசத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். டீச்சர் மடியில் டைரி. நான் வாயைத் திறப்பதற்குள், திண்ணையில் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த அத்தை ஆரம்பித்துவிட்டாள். அவள் அங்கே இருந்தது மொத்தம் 12 நாள். பேச்சைக் கேட்டால் அங்கேயே பிள்ளை பெற்று வளர்த்தவள் மாதிரி இருக்கும்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆறு வருஷம் அந்த மலேசியத் தீவில் குடியிருந்த நான், அத்தை வருகிற வரைக்கும் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை.

2018-ல் போனோம். அவருக்கு பாயான் லெப்பாசில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. எனக்குக் கிடைத்தது கணவரைச் சார்ந்த விசா, அதை வைத்து வேலைக்குப் போக முடியாது. பதினேழாவது மாடியில் வீடு, ஜன்னலைத் திறந்தால் கடல், மத்தியானம் மூன்று மணிக்குச் சொல்லிவைத்தாற்போல மழை. அந்த வீட்டைக் காலி செய்தபோது தரகர் சுவரில் ஆணித் தடங்களை எண்ணி எண்ணி முன்பணத்தில் பாதியைக் கழித்துக்கொண்டார். கொலுவுக்குத் தோரணம் கட்ட அடித்த ஆணிகள். இரண்டாவது வீட்டில் ஒரு காலண்டர்கூட மாட்டவில்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, அத்தோடு கதவையும் சாத்தியாயிற்று.

பாஷையும் தமிழ்தானே என்று நினைத்துப் போனதுதான் என் முதல் தப்பு. சந்தையில் கீரைக்காரம்மா “மூணு வெள்ளிம்மா” என்றபோது என்னை அறியாமல் கொலுசைக் குனிந்து பார்த்தேன். ரிங்கிட்டை அங்கே நம் ஆட்கள் வெள்ளி என்பார்கள். காலையில் லிஃப்டில் பார்க்கிறவர்கள் “பசியாறிட்டீங்களா?” என்பார்கள். பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு. அந்தச் சொல் மட்டும் காதுக்குப் பழகியிருந்தது. கடையநல்லூரிலிருந்து கைலியும் துண்டும் கொண்டுவரும் பாய் மாமா எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம் அதைத்தான் கேட்பார்.

அத்தை வந்தது 2024 புரட்டாசியில். 2023 டிசம்பரிலிருந்து இந்தியாக்காரர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்றாகிவிட்டதால் திருச்சியில் ஏறி, கோலாலம்பூரில் மாறி வந்து இறங்கினாள். அத்தை சுத்த சைவம். நவராத்திரி ஒன்பது நாளும் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. பினாங்கு என்றாலே சாப்பாடு என்பார்கள், அந்தச் சாப்பாடு முக்காலும் இறால் விழுதில்தான் ஆரம்பிக்கும். இவளை எங்கே கூட்டிப் போவது என்று எனக்கு ஒரே கலக்கம்.

அக்டோபர் 3-ம் தேதி காலையில் தெருவில் இறங்கினால் கடைக்குக் கடை மஞ்சள் கொடி. சீனப் பஞ்சாங்கத்தில் ஒன்பதாம் மாதம், வளர்பிறையின் முதல் ஒன்பது நாள், ஒன்பது பேரரசர் தெய்வங்களுக்கான விரதம். நமக்கும் அமாவாசைக்கு மறுநாள்தானே நவராத்திரி? அந்த வருஷம் இரண்டும் ஒரே நாளில் தொடங்கின. வெள்ளை உடுப்பில் ஒரு சீனப் பாட்டி கரண்டியோடு நின்றாள். “சியாக் சாய்?” என்றாள். சைவமா என்று கேட்கிறாள், விரதச் சமையலில் வெங்காயம், பூண்டும் சேர்க்க மாட்டார்கள் என்று அத்தையிடம் சொன்னேன். அத்தை சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பாட்டியைக் கும்பிட்டாள். பாட்டியும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

தட்டு வந்ததும் அத்தை முகம் மாறிவிட்டது. நடுவில் முழுசாக ஒரு மீன் துண்டு, தோல்கூடக் கருப்பாக. சோயாவில் செய்தது, தோலுக்குக் கடல்பாசி என்று நான் எவ்வளவு சொல்லியும் தொடவில்லை. “ஏட்டி, விரதம் இருக்கவ மீனை ஏன் நெனச்சுக்கிட்டே இருக்கணும்?” கடைசியில் கீரையும் சோறும் சாப்பிட்டாள். அடுத்த எட்டு நாளும் மஞ்சள் கொடி எங்கே என்று அவள்தான் தேடினாள், நான் பின்னால் நடந்தேன். ஆறு வருஷமாகக் காரில் தாண்டிப்போன சந்துகளுக்குள் அப்படித்தான் நான் நுழைந்தேன்.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் பார்க்க வேண்டியதெல்லாம் நடக்கிற தூரத்துக்குள்ளேயே இருக்கிறது. 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், குயின் தெருவில் 1833-லிருந்து இருக்கும் மகா மாரியம்மன், அதற்குப் பக்கத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். இந்த நகரம் 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. வழிகாட்டிப் புத்தகம் இங்கே நல்லிணக்கம் என்று இரண்டு பக்கம் எழுதும். அத்தைக்கு ஒரே விஷயம்தான் கண்ணில் பட்டது: “மாரியம்மனுக்குச் செருப்பக் கழத்தினோம், பள்ளிவாசல்லயும் கழத்தினோம். சீனக் கோயிலுக்குள்ள மட்டும் அம்புட்டு பேரும் செருப்போட போறாவளே!” டீச்சர் இதையும் டைரியில் எழுதிக்கொண்டார்.

பர்மா சந்து அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு பக்கம் தாய்லாந்துக் கோயில், உள்ளே 33 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் படுத்திருக்கிறார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பர்மாக் கோயில், அங்கே நிற்கிறார். படுத்திருப்பவரைப் பார்த்ததும் நெல்லையப்பர் கோயில் கோவிந்தர் ஞாபகம் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நின்றவரையும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள். “புளியங்குடியில கிடக்காரு, ஸ்ரீவைகுண்டத்துல நிக்காரு. நடுவுல வரகுணமங்கையில உக்காந்திருக்கவரு எங்கட்டி?” தாமிரபரணிக் கரை நவதிருப்பதியைப் பினாங்கில் முடித்துவிடலாம் என்று அவளுக்கு ஆசை. மறுநாள் ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி என்ற மலைக்கோயிலுக்குக் கூட்டிப் போனேன். அங்கே உட்கார்ந்த புத்தர்கள் ஏராளம், கணக்குச் சரியாகிவிட்டது. அந்தக் கோபுரம் கீழே சீனம், நடுவில் தாய்லாந்து, உச்சியில் பர்மா என்று மூன்று பாணியில் 1930-ல் கட்டி முடித்தது என்றேன். “மூணு கொத்தனாரு போல” என்று முடித்துக்கொண்டாள்.

ஆர்மீனியன் தெருவில் 2012-ல் வரைந்த சைக்கிள் ஓவியத்தை என்னைக் கேட்டால் விட்டுவிடலாம். ஒரு படம் எடுக்க இருபது நிமிஷம் வெயிலில் வரிசை. “இதே மாதிரி சைக்கிள் நம்ம கொட்டடியில கிடக்கு, ஒருத்தரும் தொடமாட்டிய” என்றாள் அத்தை.

டீச்சர் தையில் போவதால் தைப்பூசம் பற்றி நானே சொல்ல வேண்டியிருந்தது, அத்தை அதைப் பார்த்ததில்லை. நகரத்தார் 1894-ல் கொண்டுபோன வெள்ளி ரதம் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகும். 2017-லிருந்து தங்க ரதமும் ஓடுகிறது. மலைக்கோயிலுக்கு 513 படி. வழிநெடுகத் தேங்காய் குவித்திருக்கும், உடைக்கிறவர்களில் சீனர்கள் ஏராளம். கட்டைவிரலைத் திறந்துவிடாத ஷூ போட்டுப் போங்கள், சிரட்டைச் சில்லு குத்தும் என்றேன். முதல் வருஷம் எனக்குக் குத்தியது.

பாய் மாமா அதுவரைக்கும் ஒன்றும் பேசாமல் சைக்கிளில் சாய்ந்து நின்றார். அவருடைய வாப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். தோளில் கம்பு, ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு என்று தெருத்தெருவாக விற்றவர். தோளில் காவிச் சுமப்பதற்கு மலாயில் கண்டார், அதுதான் இன்றைக்கு உலகமெல்லாம் வரிசையில் நின்று சாப்பிடும் நாசி கண்டார். அந்தக் கடைகளை மாமாக் கடை என்பதுகூட நம் மாமாதான் என்று சொன்னால் இவருக்கு வெட்கம் வந்துவிடும். அந்தக் காசில் கட்டிய வீட்டில்தான் இன்னும் இருக்கிறார். பினாங்குக்கு ஒருமுறைகூடப் போனதில்லை.

“சூலியா தெருவுல நாகூர் தர்கா அப்படியே இருக்காமா?” ஒவ்வொரு வருஷமும் இதே கேள்வி.

“இருக்கு மாமா. வெளிப்பக்கம் பூரா சின்னச் சின்னக் கடை.”

“வாப்பா அந்தத் திண்ணையிலதான் படுப்பாகளாம்.” டீச்சர் பக்கம் திரும்பி, “ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. ஆளு யாரும் நிக்காம, திண்ணை தெரியுத மாதிரி” என்றார். டீச்சர் அதைத் தனிப் பக்கத்தில் எழுதிக் கோடு போட்டார். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் நான் எடுத்துவந்த படங்களில் எல்லாம் நான் நிற்கிறேன்.

அத்தை எச்சிலைத் துப்பிவிட்டு வந்தாள். “கடைசியா ஒண்ணு, டீச்சர். பினாங்குன்னா அவாள் பாஷையில பாக்குன்னு அர்த்தமாம். பாக்குத் தீவு! நானும் பாக்கு வாங்க லிட்டில் இந்தியாவுல நாலு கட ஏறி இறங்கினேன். கடைசியில கிடைச்சது நம்ம ஊருலேருந்து போன பாக்கெட்டு, வெல மூணு மடங்கு. சீவல் மட்டும் இங்கேருந்தே எடுத்துக்கிடுங்க.”