சிவப்பின் மேல் கிளியர்: ஒரு மாதிரிக் காரின் நாட்குறிப்பு

அக்டோபர் 12

1/24 அளவுக் காரின் மேற்கூட்டுக்கு டமியா நிறுவனத்தின் டி.எஸ்-8 இத்தாலியச் சிவப்பு ஸ்பிரே பெயின்டை அடித்து முடித்தேன். இது விரைவாகக் காயும் லாக்கர் வகைப் பெயின்ட் என்பதால், நன்கு இறுகிய பின் இதன்மேல் லாக்கர், எனாமல், அக்ரிலிக் என எந்த வகைக் கிளியரையும் (நிறமற்ற மேற்பூச்சு) பூசலாம். அடியில் மெதுவாக இறுகும் எனாமல் இருந்திருந்தால் லாக்கர் கிளியரை நினைத்தே பார்த்திருக்க மாட்டேன். லாக்கரில் உள்ள வீரியமான தின்னர் (பெயின்டைக் கரைக்கும் திரவம்), மேலே காய்ந்து உள்ளே இன்னும் இறுகாத எனாமலுக்குள் இறங்கி அதை உப்பச் செய்து, படலம் முழுவதையும் சுருக்கிவிடும். காய்ந்ததா என்பதை விரலை விட மூக்கே சரியாகச் சொல்கிறது. கூட்டை முகரும்போது தின்னர் வாடை இருக்கும்வரை அடுத்த வேலை இல்லை.

அக்டோபர் 21

வாடை போய்விட்டது. டீகால் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படச் சின்னம்) ஒட்டுவதற்கு முன், அதே பிரைமரும் (அடிப்பூச்சு) அதே சிவப்பும் பூசிய பிளாஸ்டிக் கரண்டிகளில் மிச்ச டீகால்களை ஒட்டி, முழுதாகக் காயவிட்டுச் சோதித்தேன். லாக்கர் கிளியரை முதலிலேயே ஈரமாக அடித்த கரண்டியில் டீகால் சுருண்டது. தூசி படிவதுபோல மெல்லிய பூச்சுகளை இடைவெளிவிட்டு அடித்து, பிறகே ஈரப்பூச்சு கொடுத்த கரண்டியில் ஒன்றும் ஆகவில்லை. எக்ஸ்-22 அக்ரிலிக் கிளியர் டீகாலுக்குப் பாதுகாப்பானதே, ஆனால் தேய்த்து மெருகேற்ற எனக்கு லாக்கரின் கடினம் வேண்டும்.

அக்டோபர் 29

சென்னையில் விடாத மழை. தின்னர் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, கிளியர் பால்போல் வெளுத்துவிடும் என்பதால் கிளியர் ஸ்பிரே டப்பாவைத் தொடவில்லை. ஏர்பிரஷ் என்னும் தெளிப்பானில் தாங்களே பெயின்டைக் கலந்து அடிப்பவர்கள், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்த தின்னரால் ஓரளவு சமாளிப்பார்கள். ஸ்பிரே டப்பாவில் அதற்கு வழியில்லை.

நவம்பர் 9

வெயில். டப்பாவை வெதுவெதுப்பான நீரில் சற்று வைத்திருந்து, கரண்டியில் தேறிய முறையிலேயே கிளியரை அடித்தேன். டீகால்கள் அசையவில்லை.

நவம்பர் 23

கதவு இடுக்குகளில் எனாமல் கறுப்பை ஓடவிட்டு, மிகுந்ததை எனாமல் தின்னர் தொட்ட பஞ்சால் துடைத்தேன். லாக்கர் கிளியர் அதற்கு அசையாது. பூச்சில்லாத உட்புற இணைப்புகளில் மட்டும் அந்தத் தின்னர் தேங்க விடவில்லை, ஏனெனில் அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் அது விரிசல் விழச் செய்யும். இனி மெருகேற்றும் வேலைதான். விளிம்புகளில் கிளியர் மெலிந்திருக்கும் என்பதால் அவற்றை டேப் ஒட்டி மறைத்துவிட்டேன்.