வேண்டுதல் பலித்ததா? முதலில் கணக்கைச் சரியாக எழுதுவோம்

"வேண்டினேன், நடந்தது." இந்த ஒரு வரிக்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வேண்டியதால்தான் நடந்ததா? வேண்டியவருக்குள் ஏதாவது மாறியதா? கேட்பவர் என்று ஒருவர் அங்கே இருக்கிறாரா? முதல் இரண்டையும் ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். மூன்றாவது எந்தச் சோதனைக்கும் எட்டாது. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை எடுத்து மூன்றாவதற்கு ஒட்டும்போதுதான் இந்தப் பேச்சு சண்டையாகிறது. இரு தரப்பும் இதைச் செய்கிறது.

முதல் கேள்வியை எண்களோடு கேட்டவர் ஆங்கிலேய அறிஞர் ஃபிரான்சிஸ் கால்டன், 1872இல். அரசர்களின் நீண்ட ஆயுளுக்காக நாடே தேவாலயங்களில் வேண்டுகிறதே, அவர்கள் கூடுதலாக வாழ்கிறார்களா என்று கணக்குப் பார்த்தார். வசதி படைத்த மற்ற வகுப்பாரைவிட அவர்களின் சராசரி ஆயுள் குறைவாகவே வந்தது. ஆனால் சடங்காகச் சொல்லப்படும் வாசகமும் உள்ளம் உருகிக் கேட்பதும் ஒன்றா என்ற கேள்வி அப்படியே நின்றது.

முறையான மருத்துவச் சோதனைகளில் அதிகம் பேசப்பட்டது இதய மருத்துவர் ராண்டால்ஃப் பேர்ட் 1988இல் வெளியிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் இதய நோய்த் தீவிர சிகிச்சைப் பிரிவில் 393 நோயாளிகள். 192 பேருக்காக வெளியிலிருந்து பிறர் வேண்டினார்கள், 201 பேருக்காக வேண்டவில்லை. தாம் எந்தப் பக்கம் என்று நோயாளிகளுக்குத் தெரியாது. வேண்டப்பட்டவர்கள் ஆறு அளவுகளில் மேலாக இருந்தார்கள். இன்றும் பலர் ஆதாரமாகக் காட்டுவது இந்த ஆறைத்தான். ஆனால் பார்க்கப்பட்ட அளவுகள் இருபதுக்கும் மேல். அத்தனை இடத்தில் தேடினால் ஒன்றிரண்டு தற்செயலாகவே தேறும். அதைவிட முக்கியம், அந்த ஆறும் தனித்தனியானவை அல்ல. இதயச் செயலிழப்பு குறைந்தால் சிறுநீர் பெருக்கும் மருந்தும் குறையும். நிமோனியா குறைந்தால் நுண்ணுயிர்க்கொல்லியும் குறையும். ஒரே வேறுபாட்டை இரண்டு தடவை எண்ணுவதுபோல் ஆகிவிட்டது. மருத்துவமனையில் தங்கிய நாட்களில் வேறுபாடு வரவில்லை.

இந்த ஓட்டையை அடைக்க எளிய வழி உண்டு: எதை அளக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே ஒன்றைத் தேர்ந்து எழுதிவைத்துவிட வேண்டும். அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சனின் குழு 2006இல் வெளியிட்ட சோதனை அப்படித்தான் செய்தது. ஆறு மருத்துவமனைகள், இதய பைபாஸ் அறுவைக்கு வந்த 1,802 பேர், மூன்று குழுக்கள். வேண்டுவோருக்கு நோயாளியின் முதல் பெயரும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் மட்டும் தரப்பட்டன. 14 நாள் வேண்டினார்கள். அறுவைக்குப் பின் 30 நாளுக்குள் ஏதேனும் சிக்கல் வந்ததா என்பதே அளவு. "உங்களுக்காகப் பிறர் வேண்டலாம், வேண்டாமலும் இருக்கலாம்" என்று சொல்லப்பட்டவர்களில், உண்மையில் வேண்டப்பட்ட குழுவில் 52 விழுக்காட்டினருக்கும் வேண்டப்படாத குழுவில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல் வந்தது. "உங்களுக்காக நிச்சயம் வேண்டுகிறார்கள்" என்று தெரிவிக்கப்பட்ட மூன்றாம் குழுவில் 59 விழுக்காடு.

இந்த 59இல் கொஞ்சம் நிற்க வேண்டும். வேண்டுதல் தீங்கு செய்தது என்று இதற்குப் பொருள் சொல்வது அவசரம், தற்செயலாகவும் இருக்கலாம். ஆய்வாளர்கள் ஊகித்த இன்னொரு காரணம் கவனிக்கத்தக்கது: "ஆட்களை வைத்து வேண்டும் அளவுக்கா என் நிலைமை?" என்ற பதற்றம். ஆறுதல் என்று நினைத்துச் சொன்னது பாரமாக இறங்கியிருக்கலாம்.

எல்லாச் சோதனைகளுக்கும் பொதுவான ஒரு குறை இருக்கிறது. வேண்டப்படாத குழு என்று ஒன்று உண்மையில் கிடையாது. தாயும் துணையும் பிள்ளையும் எப்படியும் வேண்டிக்கொண்டுதான் இருப்பார்கள். அதை எந்த ஆய்வாளரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆகவே அளக்கப்பட்டது, முன்பின் அறியாதவர்களின் கூடுதல் வேண்டுதல் மட்டுமே.

புள்ளிவிவரம் எவ்வளவு ஏமாற்றும் என்று காட்ட இஸ்ரேலிய மருத்துவர் லீபோவிச்சி 2001இல் ஒரு சோதனையை வெளியிட்டார். 1990 முதல் 1996 வரை இரத்தத் தொற்றோடு சிகிச்சை பெற்றிருந்த 3,393 பேரின் பழைய பதிவுகளை எடுத்து, 2000ஆம் ஆண்டில், அதாவது எல்லாம் முடிந்த பிறகு, ஒரு பாதிப் பேருக்காக வேண்டச் செய்தார். அந்தப் பாதிக்குக் காய்ச்சல் நாட்களும் தங்கிய நாட்களும் குறைவாக இருந்தன! கடந்த காலம் மாறியது என்று இதை ஏற்காதவர், தமக்குப் பிடித்த முடிவு அதே அளவு ஆதாரத்தோடு வரும்போதும் தயங்க வேண்டும்.

"கடவுள் என்ன மாத்திரையா, அளவு வைத்துச் சோதிக்க?" என்று நம்பிக்கையாளர் கேட்பது நியாயமான எதிர்வாதம். கேட்டதைத் தருவதா வேண்டாமா என்பது தருபவர் விருப்பம் என்றால் சராசரி எதையும் சொல்லாது. ஆனால் அதே நியாயப்படி, பலித்த பத்துக் கதைகளைச் சேர்த்து நிரூபணம் என்று நீட்டவும் முடியாது. கப்பல் உடைந்தும் பிழைத்தவர்கள் கோயிலில் வைத்த படங்களைக் காட்டியபோது, மூழ்கியவர்களின் படங்கள் எங்கே என்று கேட்ட பழைய கிரேக்கக் கதை இதைத்தான் சொல்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. "வெறும் மன ஆறுதல்" என்பார்கள். அந்த "வெறும்" என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. ஆறுதலுக்கு உடம்பில் தடம் இருக்கிறது. 2001இல் பெர்னார்டி குழு 23 பேரை வைத்துப் பார்த்தது: இலத்தீனில் செபமாலை சொல்லும்போதும் ஒரு யோக மந்திரத்தை உச்சரிக்கும்போதும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது, இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சை இயக்கம் கூர்மையானது. எந்த மொழியில் வேண்டினாலும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு சுற்றுக்குப் பத்து நொடி: நான்கு நொடி உள்மூச்சு, ஆறு நொடி வெளிமூச்சில் ஒரு வரி. அவசரமாக நூற்றெட்டை முடிக்கும்போது இந்தப் பலன் போய்விடும், ஏனென்றால் பலன் எண்ணிக்கையில் இல்லை, வேகத்தில் இருக்கிறது.

சொந்த வார்த்தையில் மனம்விட்டுக் கேட்பது வேறு வேலை செய்கிறது. டென்மார்க்கில் 20 நம்பிக்கையாளர்களின் மூளையைப் படம்பிடித்த 2009 ஆய்வில், இன்னொரு மனிதரோடு பேசும்போது இயங்கும் பகுதிகளே அப்போது இயங்கின. கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் கேட்கச் சொன்னபோது அப்படி ஆகவில்லை. வேண்டுபவரின் மூளைக்கு அது தனிமொழி அல்ல, உரையாடல். மறுபக்கம் யாரேனும் கேட்டாரா என்பதைப் படம் சொல்லாது.

ஆறுதலும் எப்போதும் ஆறுதலாக அமைவதில்லை. 55 வயதைத் தாண்டிய 596 நோயாளிகளை இரண்டாண்டு தொடர்ந்த, உளவியலாளர் பார்கமென்ட் குழுவின் ஆய்வில், "கடவுள் என்னைக் கைவிட்டாரோ" என்று தவித்தவர்களிடையே, நோயின் கடுமையைக் கணக்கில் கொண்ட பிறகும், இறப்பு கூடுதலாக இருந்தது. இது காரணம் என்று நிரூபணமாகவில்லை, தொடர்பு மட்டுமே. ஆனாலும் "உன் நம்பிக்கை போதவில்லை, அதனால் பலிக்கவில்லை" என்று நோயாளியிடம் சொல்பவர்களுக்கு இதைவிட வேறு எச்சரிக்கை தேவையில்லை.

தன் வேண்டுதல் பலிக்கிறதா என்று நேர்மையாக அறிய விரும்புபவருக்கு ஒரு நோட்டு போதும். வேண்டுவதற்கு முன்பே எழுத வேண்டும்: தேதி, கேட்பது என்ன, எது நடந்தால் "ஆம்", எந்த நாளுக்குள், வேண்டாவிட்டாலும் நடக்க எவ்வளவு வாய்ப்பு. பெரும்பாலானோர் சறுக்குவது மூன்றாவதிலும் கடைசியிலும். "நல்லது நடக்கட்டும்" என்று எழுதினால் எது நடந்தாலும் பலித்ததாகிவிடும். காய்ச்சல் தணிய வேண்டினால் பெரும்பாலும் தணியும், சாதாரணக் காய்ச்சல் அப்படித்தான். நோவு உச்சத்தில் இருக்கும்போதுதான் வேண்டத் தோன்றும். உச்சத்துக்குப் பின் இறக்கம் இயல்பு. நடக்காதவற்றையும் அதே மையில் எழுத வேண்டும், நாள் கடந்தபின் கெடுவை நீட்டக் கூடாது. இன்னொரு பத்தியில், வேண்டியபின் என்ன செய்தேன் என்று குறிக்கலாம்: மருத்துவரிடம் போனேனா, மன்னிப்புக் கேட்டேனா, தூங்கினேனா. சில மாதம் கழித்துப் புரட்டும்போது இந்தப் பத்திதான் அதிகம் பேசும்.

நோயுற்றவருக்காக வேண்டுபவர்கள் அதை அவரிடம் சொல்லும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்: "உங்களுக்காக வேண்டிக்கொள்ளட்டுமா?" வேண்டாம் என்றால் அவருக்குத் தெரியாமலே வேண்டுங்கள். சரி என்றால், எதற்காக வேண்ட வேண்டும் என்பதையும் அவரே சொல்லட்டும். குணமாக வேண்டும் என்பார் என்று நினைத்திருப்போம். இன்று இரவு பயமில்லாமல் கழிய வேண்டும் என்று சொல்லக்கூடும்.