சத்தம் பத்தலையா, அடி பத்தலையா?

தண்டையார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் அதிகம் காதில் விழும் பேச்சு "சத்தம் பத்தல" என்பதுதான். கானா பாட வருகிற பையன்கள், கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாட்டு போட வருகிற சர்ச் குழுவினர், தேர்தல் நேரத்தில் பிரசாரப் பாட்டு கேட்டு வருகிறவர்கள் என எல்லோரும் முடிந்த பாட்டைப் போனில் வாங்கிக்கொண்டு, மாடிப்படியில் நின்றபடியே ஓடவிட்டுக் கேட்பார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பி மேலே வருவார்கள். "அண்ணா, மத்தவங்க பாட்டுல இன்னா சவுண்டு! நம்மது டல்லா கீதுண்ணா." அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காசு சேர்த்து, வேலைக்கு லீவு போட்டு வந்து பாடியவர்கள். அவர்கள் பாட்டு மற்ற பாட்டுகளுக்குப் பக்கத்தில் நிற்கும்போது சின்னதாகத் தெரியக் கூடாது என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் அந்தக் குறையைச் சரிசெய்ய, பாட்டையே இன்னும் பலமாகத் தூக்கிவிடச் சொல்லி அவர்கள் கேட்கிற வழி தப்பு. ஏன் தப்பு என்று விளக்க எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம், 2002-இல் வந்த 'வேப்பர் டிரெயில்ஸ்' என்ற ராக் ஆல்பம்.

ரஷ் என்ற குழு 1968-இல் கனடாவின் டொராண்டோவில் தொடங்கியது. மூன்றே பேர். பாஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுபவர் கெடி லீ. கிட்டார் அலெக்ஸ் லைஃப்சன். 1974-இலிருந்து டிரம்ஸ் வாசித்தவர் 2020-இல் மறைந்த நீல் பியர்ட், பாடல் வரிகளில் பெரும்பகுதியும் அவருடையதுதான். 1996-இல் ஒரு ஆல்பம் போட்டு, அதற்கான சுற்றுப்பயணத்தையும் முடித்துக்கொண்டு வீடு திரும்பிய சில வாரங்களில், 1997 ஆகஸ்டில், பியர்ட்டுக்கு அப்போதிருந்த ஒரே மகள் கார் விபத்தில் இறந்துபோனாள். வயது 19. அடுத்த ஜூன் மாதம் மனைவியும் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். பியர்ட் குச்சிகளை வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏறத்தாழ 88,000 கிலோமீட்டர் சுற்றினார். இனி இந்தக் குழு கிடையாது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

2002 மே மாதம் 'வேப்பர் டிரெயில்ஸ்' வந்தது. பல வருடங்களாகத் தங்கள் இசையில் வைத்திருந்த சிந்தசைசர் என்ற மின்னணு கீபோர்டை இதில் அவர்கள் தொடவேயில்லை. கிட்டார், பாஸ், டிரம்ஸ், குரல், அவ்வளவுதான். 'ஒன் லிட்டில் விக்டரி' என்ற முதல் பாட்டு டிரம்ஸை மட்டும் வைத்துத் தொடங்குகிறது. இரண்டு காலாலும் பேஸ் டிரம்மை உதைத்து, மேலே ஸ்னேர் என்ற சின்ன டிரம்மை விளாசிக்கொண்டு வருகிறார் பியர்ட். மகளையும் மனைவியையும் பறிகொடுத்த மனிதர், குச்சியையே தொடாமல் பல காலம் கிடந்துவிட்டு, முதலில் வந்து உட்கார்ந்து அடிக்கிற அடி அது. ஒரு குழு மீண்டு வந்ததை இதைவிட நேராகச் சொல்ல முடியாது.

எனக்கு இந்த ஆல்பத்தை அறிமுகம் செய்தவர் பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த ஆங்கிலோ இந்தியர், எங்கள் ஸ்டுடியோவில் டிரம்ஸ் வாசிக்க வருகிறவர். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். சர்ச்சில் வாசித்தவர், பெரம்பூரிலும் ராயபுரத்திலும் எத்தனையோ கல்யாண வரவேற்புகளில் வாசித்தவர். "கேளு மேன், இந்த ஆள் எந்திரிச்சு வந்துட்டான்" என்று சொல்லித்தான் சிடியைக் கையில் கொடுத்தார். கேட்டேன். அடி புரிந்தது, வேகம் புரிந்தது. ஆனால் நாலைந்து பாட்டுக்கு மேல் உட்கார முடியவில்லை. காதுக்குள் ஒரு எரிச்சல். சிம்பல் விழுகிற இடமெல்லாம் இரைச்சலாகவே இருந்தது. கிட்டார் எங்கே முடிகிறது, பாஸ் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை.

அந்த எரிச்சலுக்குப் பெயர் எனக்கு முன்பே தெரியும். ஸ்டுடியோவுக்கு வருவதற்கு முன்னால் வியாசர்பாடியில் ஒரு மைக்செட் கடையில் வேலை கற்றேன். ஆடி மாதம் அம்மன் கோயில் கூழ் வார்ப்பு என்றால் தெரு முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவோம். ஆம்ப்ளிஃபயரின் வால்யூமை ஒரு அளவுக்கு மேல் திருப்பினால் பாட்டு பெரிதாகாது, கரகரக்க ஆரம்பிக்கும். "கிழியுது பாரு, இறக்குடா" என்று கடைக்கார அண்ணன் கத்துவார். அது வெறும் கோபமில்லை. அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. சத்தம் போதவில்லை என்றால் இன்னொரு ஸ்பீக்கர் கட்டு, கம்பத்தை மாற்று, வாயைத் தெருப்பக்கம் திருப்பு. ஆனால் கிழிய விடாதே. கிழிந்த சத்தத்தில் பாட்டுக்கு மரியாதை இருக்காது என்பார். டெசிபலைப் பற்றி நான் பின்னால் படித்ததெல்லாம் அவர் சொன்னதற்கு விளக்கம்தான்.

டிஜிட்டலில் உச்சவரம்பு ஒன்று உண்டு. பூஜ்யம் டெசிபல் என்று மீட்டரில் எழுதியிருக்கும். அதற்கு மேல் போக வழியே இல்லை. போக முயன்றால் அலையின் தலை சீவப்படும். அதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். பாட்டில் சில சத்தங்கள் இயல்பிலேயே உயரமானவை. ஸ்னேரில் குச்சி படுகிற கணம், சட்டி மேளத்தில் மூங்கில் குச்சி விழுகிற கணம் எல்லாம் சில மில்லிசெகண்டுகளில் எழுந்து அடங்கிவிடும். குரலும் கிட்டாரும் அவ்வளவு உயரம் இல்லாமல், ஆனால் தொடர்ச்சியாக வரும். மொத்தப் பாட்டும் பலமாகக் கேட்க வேண்டும் என்றால், லிமிட்டரைப் போட்டு உயரமானவற்றை அமுக்கிவிட்டு மற்ற எல்லாவற்றையும் மேலே தூக்குவார்கள். கூரை அப்படியே இருக்க, தரையை மட்டும் உயர்த்துகிற மாதிரி. நெட்டையானவர்கள்தான் குனிய வேண்டும். பாட்டில் நெட்டையாக நிற்பது அடி. அதனால்தான் அதிகம் அமுக்கிய பாட்டில் சட்டி 'டக்'கென்று விழாமல் 'சொத்'தென்று விழுகிறது. சத்தம் கூடிவிட்டது, அடி போய்விட்டது.

அப்படியானால் ஏன் எல்லோரும் அதைக் கேட்கிறார்கள்? காதின் பழக்கம் அப்படி. ஒரே பாட்டை இரண்டு முறை ஓடவிட்டு, இரண்டாவது முறை ஒரு டெசிபல் கூட்டி வைத்தால், பெரும்பாலும் இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது என்பார்கள். மெல்லிய ஒலியில் கனத்த கீழ் ஒலிகளும் கீச்சு ஒலிகளும் நமக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டினார்கள். சத்தம் கூடும்போது பாட்டு முழுமையானதாகத் தோன்றுவது அதனால்தான். இதைத் தெரிந்துகொண்டு ஒவ்வொரு குழுவும் மற்றவர்களைவிட ஒரு படி மேலே தூக்க, சிடி காலத்தில் அது ஒரு போட்டியாகவே ஆகிவிட்டது. அதன் உச்சத்தில் வந்த ஆல்பங்களில் ஒன்றுதான் வேப்பர் டிரெயில்ஸ். அதிகமாகத் தூக்கிவிட்டோம், எல்லாம் நசுங்கிவிட்டது என்று லைஃப்சனே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார்.

இதில் எங்கள் தொழிலுக்கு முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. கோளாறு மாஸ்டரிங் என்ற கடைசிக் கட்டத்தில் மட்டும் நடந்ததல்ல. லீயும் லைஃப்சனும் ஒரு அறையில் உட்கார்ந்து சும்மா வாசித்துப் பார்த்தபோது பதிவான துண்டுகள் பலவற்றை அப்படியே பாட்டில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தத் துண்டுகளின் உயிர் அவர்களுக்குப் பிடித்திருந்தது. அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. முதல் முறை வருகிற வாசிப்பைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று பாடகர்களோடு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் அவற்றில் சில, பதிவாகும்போதே கிழிந்திருந்தன. அவற்றின் மேல் இன்னும் அடுக்கி, தனித்தனிப் பதிவுகளைக் கலக்கும் மிக்சிங்கில் நெருக்கி, மாஸ்டரிங்கில் அமுக்கியபோது எல்லாம் சேர்ந்துகொண்டது.

2008-இல் மெட்டாலிகா என்ற ராக் குழுவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம் வந்தபோதும் இதே கதைதான். அந்தப் பாட்டுகள் ஒரு வீடியோ கேமிலும் வந்திருந்தன; அதில் இவ்வளவு அமுக்காமல் தெளிவாக இருப்பதை ரசிகர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வரும்போதே மிக்ஸ் நசுக்கப்பட்டிருந்தது என்றார். கடைசியில் தொட்டவர் மேல்தான் எப்போதும் பழி விழும். எங்கள் ஊரிலும் அப்படித்தான். கீபோர்டுக்காரர் தன் டிராக்கைச் சிவப்பு விளக்கு எரிய எரிய அனுப்பியிருப்பார், கேள்வி என்னிடம் வரும்.

ரஷ் செய்த அடுத்த காரியத்துக்காகத்தான் எனக்கு அவர்கள் மேல் தனி மரியாதை. 2009-இல் ஒரு தொகுப்புக்காக இரண்டு பாட்டுகளை மட்டும் புதிதாக மிக்ஸ் செய்து பார்த்தார்கள். அப்புறம் 2013-இல் டேவிட் பாட்ரில் என்பவரைக் கொண்டு முழு ஆல்பத்தையும் மறுபடி மிக்ஸ் செய்து வெளியிட்டார்கள். வெறும் ரீமாஸ்டர் போதாது என்பதைப் புரிந்துகொண்டது பெரிய விஷயம். ரீமாஸ்டர் என்றால் முடிந்த கலவையின் மேல் பூசுவது. உள்ளே நசுங்கியது நசுங்கியதுதான். மிக்ஸ் என்றால் ஒவ்வொரு டிராக்காகத் திரும்பத் திறந்து, ஸ்னேருக்கு எவ்வளவு இடம், குரலுக்கு எவ்வளவு இடம் என்று முதலிலிருந்து முடிவு செய்வது. பெயரும் புகழும் உள்ள குழு, பதினோரு வருடம் கழித்து, நாங்கள் வெளியிட்டது சரியாகக் கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டு செலவு செய்து திருத்துவது அடிக்கடி நடப்பதில்லை.

புது மிக்ஸ் வந்ததும் அங்கிளோடு ஸ்டுடியோவில் உட்கார்ந்து கேட்டேன். இரவு, கன்டெய்னர் லாரிகள் ஓடுகிற நேரம். எங்கள் பகுதியில் அந்த லாரிகளின் அதிர்வு தரை வழியாக மைக்குக்கே வந்துவிடும். குரல் எடுக்கும்போது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலிகளை வெட்டித்தான் எடுப்போம். அந்த உறுமலுக்கு நடுவிலும் வித்தியாசம் தெரிந்தது. அங்கிள் முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். பெரிய அடிகளுக்கு நடுவே ஸ்னேரில் பியர்ட் தொட்டும் தொடாமலும் போடுகிற தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "இது அப்பவே இருந்திருக்கு மேன். நமக்குத்தான் குடுக்கல" என்றார். அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. ஒரு டிரம்மருக்கு அந்தச் சின்னத் தட்டுகள்தான் கையெழுத்து. துக்கத்திலிருந்து மீண்டு வந்த மனிதரின் கையெழுத்தைப் பதினோரு வருடம் அழித்து வைத்திருந்தது ஒரு மீட்டர் போட்டி.

பழைய பதிப்புதான் பிடிக்கும் என்கிற ரசிகர்களும் இருக்கிறார்கள். அந்தக் கரடுமுரடு அந்தத் துக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது என்பது அவர்கள் வாதம். நான் அதைத் தள்ளிவிட மாட்டேன். புது மிக்ஸில் ஒன்றிரண்டு இடங்களில் கிட்டார் முன்பிருந்த முரட்டுத்தனத்தை இழந்திருக்கிறது என்பது எனக்கும் தோன்றியது. ஆனாலும் வாசிக்கிற கை முரடாக இருப்பது வேறு, பதிவு கிழிந்திருப்பது வேறு. மரண கானாவில் பாடுகிறவரின் குரல் உடையும்; அது பாட்டின் பாகம், அதை நான் ஒருநாளும் திருத்த மாட்டேன். மைக் உடைவது பாட்டின் பாகமில்லை.

இப்போது எங்களுக்கு ஒரு வசதி வந்திருக்கிறது. பெரிய இசைச் செயலிகள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே பலத்தில் கேட்கும்படி தாங்களே சமன்செய்கின்றன. ஸ்பாட்டிஃபையின் அளவு மைனஸ் 14 லஃப்ஸ்; பாட்டு சராசரியாக எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு அது. மைனஸ் 7-க்குத் தூக்கிக் கொடுத்த பாட்டை ஸ்பாட்டிஃபை 7 டெசிபல் இறக்கிவிடும். தூக்கியதால் கிடைத்த பலம் போய்விடும், நசுங்கியது மட்டும் மிஞ்சும். இதை வாயால் சொன்னால் பையன்கள் நம்புவதில்லை. அதனால் அவர்கள் பாட்டையே இரண்டு விதமாகச் செய்து, குரல் ஒரே அளவில் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை வைத்து, எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடுவேன். பெரும்பாலும் அமுக்காததைத்தான் காட்டுவார்கள். "இதுல சட்டி இறங்கி அடிக்குதுண்ணா" என்பார்கள். சிலர் அப்போதும் பலமானதுதான் வேண்டும் என்பார்கள். ஆட்டோவிலும் போன் ஸ்பீக்கரிலும்தான் அவர்கள் பாட்டு ஓடப்போகிறது, அது அவர்கள் பாட்டு. கொடுத்துவிடுவேன். ஆனால் மிக்ஸை மட்டும் அமுக்காமல் தனியாகச் சேமித்து வைப்பேன்.

வேப்பர் டிரெயில்ஸின் இரண்டு பதிப்பும் கிடைத்தால் இதே மாதிரி கேட்டுப் பாருங்கள். முதலில் 2002 பதிப்பின் வால்யூமை இறக்கி, கெடி லீயின் குரல் இரண்டிலும் சமமாகும் வரை சரிசெய்யுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் ஒப்பிட்டால் பழையதுதான் ஜெயிக்கும். அப்புறம் முதல் பாட்டை ஆரம்பத்திலிருந்து போட்டு, கிட்டார் நுழைந்த பிறகும் டிரம்ஸ் முன்னால் நிற்கிறதா, பின்னால் போய்விடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.