அட்டை வரட்டும், ரிக்கெட்டும் கையில் இருக்கட்டும்

சென்ற மாதம் அம்மாவின் கிளினிக்குக்காக மகரகமவுக்குச் சென்றபோது, முதல் தடவையாகப் பஸ் கட்டணத்தை வங்கி அட்டையால் செலுத்த முயன்றேன். கல்முனையிலிருந்து வரும் இரவு பஸ்ஸில் மட்டக்களப்பு மாவட்டத்தின் களுதாவளையில் ஏறி, விடியுமுன் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிப்பது இரண்டு வருடங்களாக எங்களுக்குப் பழகிப்போன பயணம். அன்றைக்கு அந்த இரண்டாவது பஸ்ஸின் நடத்துநர் கையில் அட்டை வாங்கும் சிறிய இயந்திரம் ஒன்று இருந்தது. என்னிடம் ஆயிரம் ரூபாய்த் தாள் மட்டுமே இருந்தபடியால், விடிந்ததும் விடியாததுமாக மிச்சக் காசுக்கு அவரோடு மல்லுக்கட்ட வேண்டாமென்று நினைத்து அட்டையை நீட்டினேன்.

அவர் இயந்திரத்தை என் பக்கம் திருப்பினார். அட்டையை அதன் மேல் வைத்ததும் திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. பஸ் இரண்டு தரிப்பிடங்களைக் கடந்த பின்பும் அந்த வட்டம் நிற்கவில்லை. பின்னால் நின்றவர்கள் உள்ளே வர வழியில்லாமல் நெருக்கினார்கள். நடத்துநர் இயந்திரத்தை ஜன்னல் பக்கமாக உயர்த்திப் பிடித்துப் பார்த்துவிட்டு, சிக்னல் இல்லை, காசாகத் தாருங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்காக மடித்திருந்த நூறு ரூபாய்த் தாள்களையும் சில பத்து ரூபாய்க் குற்றிகளையும் எண்ணிக் கொடுத்தார். நடத்துநர் கிழித்துத் தந்த ரிக்கெட்டை அவர் வழமைபோல வெற்றிலைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கிளினிக் வரிசையில் இருந்தபோது என் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. இரண்டு பேருக்கான கட்டணம் என் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டிருந்தது. விசயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டது ஒன்றைத்தான்: “ரெண்டு தரம் எடுத்துட்டானுகளா புள்ள?”

ஆம், இரண்டு தரம். வங்கியை அழைத்தபோது எந்த பஸ், எத்தனை மணி, காசு கொடுத்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். குறுஞ்செய்தியில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்ததே தவிர, பஸ்ஸின் இலக்கமோ பயணத்தின் பெயரோ இல்லை. பஸ்ஸில் ஒட்டியிருந்த முறைப்பாட்டு இலக்கத்தை அழைத்தால், அட்டை விவகாரத்தை வங்கியிடமே கேளுங்கள் என்றார்கள். இந்தப் போக்குவரத்துக்கு நடுவில் எனக்குக் கைகொடுத்தது அம்மாவின் வெற்றிலைப் பைக்குள் சுண்ணாம்புக் கறை படிந்து கிடந்த அந்தச் சிறு தாள் ஒன்றுதான். அதில் பஸ் இலக்கம், நேரம், கட்டணம் மூன்றும் இருந்தன. அதைப் படமெடுத்து அனுப்பி, 19 நாட்கள் கழிந்த பிறகு பணம் கணக்குக்குத் திரும்பி வந்தது. ரிக்கெட் இல்லாதிருந்தால் நான் சொன்னதை எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். தொகை பெரியதல்ல என்பதை நான் அறிவேன். ஆனால் சிறிய தொகை என்பதாலேயே எவரும் பதில் சொல்லத் தேவையில்லை என்றாகிவிட்டால், ஆயிரக்கணக்கான சிறிய தொகைகள் எவருடைய பையில் போய்ச் சேரும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இலங்கையில் பஸ் கட்டணத்தை வங்கி அட்டையால் செலுத்தும் வசதி 2025 நவம்பரில் கொழும்புக்கு அருகிலுள்ள மாக்கும்புர பஸ் நிலையத்தில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. எங்கள் கல்முனை வீதியிலும் அது முழுமையாக நடைமுறைக்கு வரவேண்டும் என்றே நான் மனதார விரும்புகிறேன், ஏனென்றால் காசு கொடுத்துப் பயணம் செய்வதில் உள்ள தொல்லையும் எனக்கு நன்றாகத் தெரியும். 2025இல் ஆகக் குறைந்த பஸ் கட்டணம் 27 ரூபாய். ஆரையம்பதியில் ஏறி அடுத்த ஊரில் இறங்கும் ஒரு பள்ளிப் பிள்ளை முப்பது ரூபாயைக் கொடுத்தால் மிச்சம் மூன்று ரூபாய் அநேகமாகக் கிடைப்பதில்லை. கேட்கும் பிள்ளையை நடத்துநர் ஒரு பார்வை பார்ப்பார், அடுத்த நாள் பிள்ளை கேட்காது. அட்டை இருபத்தேழு என்றால் இருபத்தேழைத்தான் எடுக்கும். அந்த நேர்மைக்காகவே அட்டையை வரவேற்கிறேன்.

என்றாலும், அட்டை என்று ஒரே பெயரில் அழைக்கப்படும் இந்த ஏற்பாட்டுக்குள் இரண்டு வேறுபட்ட முறைகள் இருக்கின்றன, பயணிகளின் மனக்குறைகள் பலவும் அந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன. முதலாவது முறையில் பணத்தின் அளவு அட்டையில் உள்ள சிறிய மின்னணுச் சிப்பிலேயே பதிந்திருக்கும். ஹொங்கொங்கில் 1997இல் அறிமுகமான ஒக்டோபஸ் அட்டை அப்படிப்பட்டது. வாசிப்புக் கருவி அட்டையோடு மட்டும் பேசிக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கட்டணத்தைக் கழித்து, மீதி எவ்வளவு என்பதைத் திரையில் காட்டிவிடும். அந்தக் கணத்தில் சிக்னல் இருக்கிறதா இல்லையா என்பது அதற்கு ஒரு பொருட்டல்ல. இரண்டாவது முறையில் அட்டை ஓர் அடையாளம் மட்டுமே. பணம் தொலைவில் உள்ள ஒரு கணக்கில் இருக்கும், கழிப்பதும் கூட்டுவதும் அங்கேதான் நடக்கும், பயணி அதைப் பிறகு கைபேசியில் பார்த்துக்கொள்ள வேண்டும். வங்கி அட்டை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. தனியாக ஓர் அட்டை வாங்கத் தேவையில்லை, முன்கூட்டியே பணம் நிரப்பத் தேவையில்லை என்பவை அதன் நன்மைகள். எடுத்த பணம் எவ்வளவு என்பது எடுத்த இடத்திலேயே தெரியாமல் போகலாம் என்பது அதன் குறை.

இந்தக் குறையை நான் மிகைப்படுத்தவில்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கும் ஊர் என்று நாம் உதாரணம் காட்டும் சிங்கப்பூரிலேயே இது பெரும் பிரச்சினையாக வெடித்தது. வயதுவந்தவர்களுக்கான, அட்டையிலேயே பணம் பதிந்திருக்கும் பழைய முறை 2024 ஜூன் 1ஆம் திகதியுடன் நிறுத்தப்படும், எல்லோரும் சிம்பிளிகோ என்ற கணக்கு முறைக்கு மாறிவிட வேண்டும் என்று அந்நாட்டின் நிலப் போக்குவரத்து ஆணையம் 2024 ஜனவரி 9ஆம் திகதி அறிவித்தது. அட்டையை மாற்றுவதற்காக மக்கள் நிலையங்களில் நீண்ட வரிசைகளில் நின்றார்கள். புதிய முறையில் பயணம் முடிந்து வெளியேறும்போது எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்பது திரையில் தெரியாது என்பதே அவர்களுடைய முக்கியமான முறைப்பாடு. இரண்டு வாரங்கள்கூட ஆகவில்லை. ஜனவரி 22ஆம் திகதி போக்குவரத்து அமைச்சர் முடிவை மாற்றிக்கொண்டார். பழைய முறையைத் தொடர்ந்து நடத்துவதற்கு 4 கோடி சிங்கப்பூர் டொலர் மேலதிகமாகச் செலவாகும் என்பதையும் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. தன் காசுக்கு என்ன நடந்தது என்பதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அத்தனை படித்த, அத்தனை கைபேசி வைத்திருக்கும் மக்களே கேட்டிருக்கும்போது, முந்தானை முடிச்சை எண்ணிப் பார்த்து வாழ்ந்த எங்கள் அம்மாமார் அதைக் கேட்பதைப் பழமைவாதம் என்று எவரும் ஒதுக்க முடியாது.

லண்டனில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கள் வீதியில் ஏற்கனவே இருக்கும் ஒரு வழக்கத்தை எனக்கு நினைவூட்டுகிறது. 2014 ஜூலை 6ஆம் திகதி முதல் லண்டன் பஸ்களில் காசு வாங்குவது நிறுத்தப்பட்டது. அப்படி நிறுத்துவதற்கு முன்னர், ஒய்ஸ்டர் என்ற லண்டன் பயண அட்டையில் போதிய பணம் இல்லாவிட்டாலும் இன்னும் ஒரு பயணம் செய்யலாம், குறையை அடுத்த தடவை பணம் நிரப்பும்போது ஈடு செய்துகொள்ளலாம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். இரவு நேரத்தில் எவரும் தெருவில் நின்றுவிடக் கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது.

எங்கள் பஸ்களில் இந்த ஏற்பாடு எழுதப்படாமலேயே இருக்கிறது. களுதாவளையில் வெற்றிலைக் கட்டுகளோடு ஏறும் ஒரு பெரியம்மாவை நான் அடிக்கடி காண்பேன். வெற்றிலை விலைபோகாத நாளில் திரும்பி வரும்போது அவரிடம் காசு குறையும். “நாளைக்குத் தாங்க பெரியம்மா” என்று சொல்லிவிட்டு நடத்துநர் அடுத்த இருக்கைக்குப் போய்விடுவார். மறுநாள் பெரியம்மா ஏறியவுடன், உட்காருவதற்கு முன்பே, நேற்றைய காசையும் சேர்த்து நீட்டுவார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்வதில்லை. இயந்திரத்துக்கு இந்த முகம் தெரியாது. ஆகவே, நடத்துநர் தன் மனச்சாட்சிப்படி செய்துவரும் இந்த உதவியை, லண்டனில் செய்ததைப் போல, ஏற்பாட்டின் விதியாகவே எழுதி வைக்க வேண்டும். அப்படி எழுதப்படாவிட்டால், கணக்கில் ஒரு பயணம் குறைந்ததற்காக நடத்துநர் தன் சம்பளத்தில் ஈடுசெய்ய நேரிடும், பிறகு அவரும் இரக்கம் காட்டத் தயங்குவார்.

அட்டை வசதி ஆரம்பமான அதே நவம்பரின் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாட்டின் பல மாவட்டங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்து கிடந்தன. கைபேசிக்கு மின்னேற்ற எங்காவது ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று தேடித் திரிந்த அந்த நாட்களில், காசு மட்டுமே செல்லுபடியானது. மழைக்காலத்தில் வீதி மூழ்குவதும் மின்சாரம் போவதும் எங்களுக்குப் புதிதல்ல. மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து வருபவர்கள் சாதாரண நாளிலேயே குருமண்வெளிப் பாதையில், அதாவது மிதவைப் படகில், வாவியைக் கடந்து வந்துதான் பஸ் பிடிக்கிறார்கள். அப்படி வந்து சேரும் ஒருவரிடம், உங்கள் அட்டை வேலை செய்யவில்லை, இறங்குங்கள் என்று சொல்லும் நிலை ஒரு நாளாவது வரக்கூடாது. இயந்திரம் பழுதானால் அந்த நட்டத்தைச் சேவை நடத்துபவர் ஏற்க வேண்டும், பயணியின் தலையில் கட்டக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

வங்கி அட்டை இல்லாதவர்களுக்கென்று தனி அட்டை ஒன்று வருமானால், கைபேசிக்கு ரீலோட் போடும் கடைகளிலேயே அதற்கும் பணம் நிரப்பக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்காக ஒருவர் மட்டக்களப்பு நகரத்துக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தால் அது அர்த்தமற்றது. இயந்திரத்தின் திரையிலும் ரிக்கெட்டிலும் குறுஞ்செய்தியிலும் தமிழ் இருக்க வேண்டும். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிக்கத் தெரியும். அன்றைக்கு வந்த குறுஞ்செய்தி தமிழில் இருந்திருந்தால், என் உதவியில்லாமலேயே அவர் அதை வாசித்து விளங்கியிருப்பார்.

எல்லாவற்றையும்விட முதன்மையானது அந்தத் தாள்தான். அட்டையால் செலுத்தினாலும் காசால் செலுத்தினாலும், பஸ் இலக்கமும் நேரமும் எடுத்த தொகையும் அச்சிட்ட ரிக்கெட் ஒவ்வொரு பயணியின் கைக்கும் வரவேண்டும். எல்லாம் கைபேசியில் இருக்கிறதே, தாள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, அந்த 19 நாட்களையும் நான் எதை வைத்துக்கொண்டு பேசினேன் என்பதைத்தான் சொல்ல முடியும்.

அம்மாவின் அடுத்த கிளினிக் வருகிற செவ்வாய்க்கிழமை. போக வர இரண்டு பேருக்கும் காணுமான காசை அவர் இப்போதே எண்ணித் தனியாக எடுத்து வைத்துவிட்டார். நான் அட்டையையும் கொண்டுபோவேன். இயந்திரம் வேலை செய்தால் அதிலேயே கட்டணத்தைச் செலுத்திவிட்டு, ரிக்கெட்டைக் கேட்டு வாங்கி அவருடைய வெற்றிலைப் பைக்குள் வைக்கக் கொடுப்பேன்.