டெபியனில் கெஸ்ட் அடிஷன்ஸ்: ஹெட்டர் கிடைக்காமல் பட்ட பாடு

விண்டோஸ் மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்), அதற்குள் டெபியன் 12 என்ற லினக்ஸ். அதுவரை ஒரு சிக்கலும் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸைப் போடப் போனபோதுதான் தலைவலி ஆரம்பித்தது. அது இல்லாமல் திரை ஜன்னலுக்கு ஏற்ப விரியாது, வெளியே காப்பி செய்ததை உள்ளே ஒட்ட முடியாது, இரு பக்கத்துக்கும் பொதுவான ஷேர்டு ஃபோல்டரும் திறக்காது. எனக்கு அந்த ஃபோல்டர் கட்டாயம் வேண்டும். வேலைக்கான கோப்புகள் எல்லாம் விண்டோஸ் பக்கம்தான் கிடந்தன.

விர்ச்சுவல்பாக்ஸின் டிவைசஸ் மெனுவிலிருந்து கெஸ்ட் அடிஷன்ஸ் சிடியைச் செருகி, அதிலுள்ள ரன் கோப்பை இயக்கினால் 'பர்மிஷன் டினைட்'. ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) இருந்தும் இதே பதில் வந்தால் பயப்பட வேண்டாம். சிடியில் இருப்பதை நேரடியாக இயக்கத் தடை போட்டு அது மவுண்ட் ஆகியிருக்கும் (கணினியோடு இணைந்திருக்கும்). கோப்புப் பெயருக்கு முன்னால் 'எஸ்ஹெச்' சேர்த்தால் ஓடிவிடும்.

ஓடியது. கடைசியில், ரீஸ்டார்ட் செய்த பிறகே மாட்யூல்கள் (லினக்ஸின் மையமான கெர்னலோடு சேரும் நிரல்கள்) மாறும் என்று ஒரு வரி வந்தது. செய்தேன். திரை அதே சின்னக் கட்டமாகவே நின்றது.

அந்தக் கடைசி வரியை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். அதற்குச் சற்று மேலே, கெர்னல் ஹெட்டர் (மாட்யூல்களை உருவாக்கத் தேவையான கோப்புகள்) கிடைக்கவில்லை என்று ஒரு வரி அமைதியாகக் கடந்து போயிருக்கும். இந்த மாட்யூல்கள் நம் கணினியிலேயே கம்பைல் ஆக (மூல நிரலிலிருந்து உருவாக) வேண்டியவை. அதற்கு ஜிசிசி, மேக், பெர்ல் ஆகிய கருவிகள் வேண்டும். கூடவே, இப்போது ஓடுகிற கெர்னலின் அதே பதிப்புக்கான ஹெட்டரும் வேண்டும். ஒரு எண் பிசகினாலும் ஆகாது.

சரி, ஹெட்டரை நிறுவலாம் என்றால், அப்படி ஒரு பேக்கேஜே இல்லை என்றது ஆப்ட் (டெபியனில் மென்பொருள் நிறுவும் கருவி). இங்கேதான் நிறைய நேரம் போனது. நான் பார்த்துச் செய்த காணொளியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விஷயம் இதுதான்: நான் நிறுவியது சற்றுப் பழைய ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு). அதற்குப் பிறகு டெபியன் களஞ்சியத்தில் 6.1 கெர்னலின் புதிய பதிப்பு வந்து, பழையதன் ஹெட்டர் நீங்கிவிட்டது. ஆகவே முதலில் மொத்தத்தையும் அப்கிரேடு செய்து, ரீபூட் செய்து, புதிய கெர்னலில் நுழைந்த பிறகே ஹெட்டரைக் கேட்க வேண்டும். அந்த ரீபூட்டைத் தவிர்த்தால் பழைய கெர்னலே ஓடிக்கொண்டிருக்கும், பழைய பதிலே வரும்.

இந்த முறை ரன் கோப்பு முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் திரை ஜன்னல் முழுக்க விரிந்தது. அப்படி ஒரு நிம்மதி!

ஷேர்டு ஃபோல்டர் மட்டும் இன்னும் அனுமதி மறுத்தது. நம் பயனர் பெயரை 'விபாக்ஸ்எஸ்எஃப்' குழுவில் சேர்க்க வேண்டும். அதற்கான 'யூசர்மாட்' கட்டளையை அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வரலாம். டெபியனில் வெறும் 'எஸ்யூ' போட்டு ரூட்டானால் நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் எஸ்பின் ஃபோல்டரின் பாதை சேராது. 'எஸ்யூ'வுக்குப் பின் இடைவெளி விட்டு ஒரு சிறுகோடு போடுங்கள். குழுவில் சேர்ந்ததும் லாக் அவுட் செய்து திரும்ப நுழையுங்கள், இல்லையேல் எதுவும் மாறாது.

காப்பி பேஸ்ட்டுக்கு வேறு காரணம். டெஸ்க்டாப்பான க்னோம் இயல்பாக வேலேண்டில் (திரையைக் காட்டும் புதிய முறை) திறக்கிறது, 7.0இல் அங்கே கிளிப்போர்டு பகிர்வு வேலை செய்யவில்லை. லாகின் திரையின் பல்சக்கரத்தில் பழைய முறையான எக்ஸ்ஆர்கைத் தேர்ந்தெடுத்ததும் சரியானது. விர்ச்சுவல்பாக்ஸ் மெனுவில் கிளிப்போர்டை இருவழியாக மாற்றவும் வேண்டும்.

அப்புறம் ஒன்று. குறிப்பிட்ட எண்ணுள்ள ஹெட்டரோடு நிறுத்திவிடாமல், 'லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஏஎம்டி64' என்ற பொதுப் பேக்கேஜையும் போட்டுவிடுங்கள். அது இருந்தால் கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அதற்குரிய ஹெட்டரும் கூடவே இறங்கும், மாட்யூல்கள் தாமாகக் கம்பைல் ஆகும். அப்படியும் ஆகவில்லையென்றால் ரூட்டாக 'ஆர்சிவிபாக்ஸ்ஆட் செட்டப்' ஓட்டினால் போதும். சிடியைத் திரும்பச் செருக வேண்டியதில்லை.