திண்ணையில் படுத்திருந்தவர்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் நிறைந்த கானாடுகாத்தானுக்குப் போனாலே கேமராவைக் கீழே வைக்க மனசு வராது. போன மாதம் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுத் திண்ணையில், பர்மாத் தேக்குத் தூணை ஒட்டி ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். தலைக்கு மஞ்சப்பை, காலடியில் ஜோடி மாறிய செருப்பு. வெளிச்சம் அப்படி விழுந்தது, யோசிக்காமல் நாலு படம் எடுத்துவிட்டேன். சத்தத்தில் விழித்தவர், "என்னைய ஏன் தம்பி எடுக்கிறீக, தூணை எடுங்க" என்றார். கோபம்கூட இல்லை.

1936-இல் கலிபோர்னியாவில் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங்கே எடுத்த இடம்பெயர்ந்த தாயின் படம் உலகப் புகழ். அந்தப் பெண் யார் என்று 1978-இல்தான் வெளியே தெரிந்தது. என் பேரைக்கூடக் கேட்கவில்லை, ஒரு காசும் வரவில்லை என்று வருத்தப்பட்டார். நானும் பேரைக் கேட்கவில்லையே!

பொது இடம்தானே, எடுக்கலாம் என்பான் நண்பன். சரி, ஆனால் நமக்குத் தூங்கக் கதவு சாத்திய அறை இருக்கிறது, அவருக்கு அந்தத் திண்ணைதான் அறை, அதுவும் வழிப்போக்கர் படுக்கட்டும் என்றே அந்தக் காலத்தில் விட்டுவைத்த இடம். அவர் கண்முன்னாலேயே நாலையும் அழித்தேன். அப்புறம் அவரே பையை எடுத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தார், நான் தூணை எடுக்க.